ஜோடி அடைப்புக்குறி

ஃபின்லாந்துக்காரர்களின் கீபோர்டில் அடைப்புக்குறிகள் ஒளிந்திருக்கும். நம் ஊரில் வாங்கும் கீபோர்டில் வலது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே சதுர அடைப்பும் சுருள் அடைப்பும் கிடைத்துவிடும். இங்கே அந்த இடத்தில் தலைக்கு மேல் புள்ளி வைத்த எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சுருள் அடைப்பைத் திறக்க வேண்டுமென்றால் வலது கட்டைவிரலால் கீழே ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி மேல் வரிசையில் எண் விசையைத் தேடி அடிக்க வேண்டும். மூடும்போதும் அதே பாடு. தாம்பரே நகரில் மருத்துவ ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுதும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசை யுக்காவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபின்னிஷில் “சுல்கு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். சுல்கு என்றால் அடைப்புக்குறி என்று அகராதி சொல்லியிருந்தது. யுக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். “லெம்பாலாவில். கோடையில் மட்டும்தான் திறப்பார்கள்” என்றார். படகு போகும் கால்வாயின் மதகுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தானாம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவே பல நாள் ஆனது.

அந்தக் கட்டைவிரல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நிரல் எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் எழுதும் நிரலில் திறந்த ஒவ்வோர் அடைப்பையும் மூடியாக வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று போகும். இங்கே திறந்தது திரையைத் தாண்டி எங்கோ கீழே மூடும். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் ஓடாது. மாலை ஆனால் என் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிடும், கண்ணும் சோர்ந்துவிடும், எதற்கு எது ஜோடி என்று தெரியாமல் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பேன். அதற்காக நான் நிரல் எழுதும் எடிட்டரோடு சேர்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ப்ளகின் செய்தேன். ஓர் அடைப்பின் மேல் கர்சரை வைத்தால் அதன் ஜோடி அதே நிறத்தில் ஒளிரும். ஒரு விசையைத் தட்டினால் நேரே அந்த ஜோடியிடம் போய் நிற்கும். மூட மறந்ததைச் சிவப்பில் காட்டும். எனக்காகச் செய்ததை யாருக்காவது உதவட்டுமே என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தேன். யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவர்கள் கேட்கவும் தொடங்கினார்கள். ஒருவருக்கு நிறம் கண்ணை உறுத்துகிறது. இன்னொருவருக்கு நிறம் போதவில்லை. அலுவலக வேலை முடிந்த பிறகு, சனி ஞாயிறுகளில், முகம் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதுவதே இன்னொரு வேலையாகிவிட்டது.

அந்த வருஷங்களில் அம்மா செஞ்சியிலிருந்து தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். நாங்கள் மேல்சித்தாமூர் ஜைனர்கள். நைனா நெல் மண்டி வைப்பதற்காகச் செஞ்சிக்குக் குடிவந்தாலும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் மாறவில்லை. “பொழுது போறதுக்குள்ள சாப்டியா சுமதி?” என்பாள். டிசம்பரில் இங்கே மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். “இங்க மத்தியானமே பொழுது போயிடுதும்மா.” அம்மா சற்றும் கலங்காமல், “அப்டின்னா மத்தியானமே சாப்டுடு” என்பாள். என் அலுப்பை அவளுக்கு எப்படிச் சொல்வது? எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கட்டைவிரலைத்தான் காட்ட முடியும்.

என்னை அதிகம் களைப்பாக்கியவர் ஆர்.கே. என்ற பெயரில் எழுதுகிறவர். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. “ஜோடி திரைக்கு வெளியே இருந்தால் ஒளிர்ந்து என்ன பயன்?” என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி வரும். இன்னொரு நாள், “குதிக்கும்போது ஒலி வேண்டும்.” மற்றொரு நாள், “மீண்டும் உடைந்துவிட்டது.” அவற்றை யுக்காவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “மரியாதையான மனிதர். தேவையில்லாத ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்” என்றார். நானும் எங்கோ வடக்கே பனிக்காட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிடுமூஞ்சிக் கிழவரைக் கற்பனை செய்துகொண்டேன்.

எடிட்டரைத் தயாரிப்பவர்கள் அதன் உள்கட்டமைப்பையே மாற்றப்போவதாக அறிவித்தபோது எனக்கு வாசல் திறந்த மாதிரி இருந்தது. புதிய எடிட்டரில் என் ப்ளகின் ஓட வேண்டுமென்றால் பாதிக்கு மேல் திருப்பி எழுத வேண்டும். எழுதப்போவதில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவிப்புப் போட்டேன். பலர் நன்றி சொன்னார்கள். ஆர்.கே. மட்டும் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார், அவருடைய திரையின் பதிவு. எழுத்துகள் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தன. ஒரு நேரத்தில் நாலைந்து சொற்கள்தான் தெரிந்தன. அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே கர்சர் ஓர் அடைப்பில் நிற்பதும், விசை தட்டியதும் ஜோடிக்குக் குதிப்பதும், பிறகு திரும்புவதுமாக யாரோ ஒரு நீண்ட நிரலைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னணியில் பஸ் ஹாரன். அதற்கு மேல் ஒரு கண்டக்டரின் குரல்: “வளத்தி, அவலூர்பேட்டை, அவலூர்பேட்டேய்! ஏறும்மா, ஏறு, பின்னால வண்டி கெடையாது!”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு யுக்காவைப் பார்த்தேன். எல்லாரும் வழக்கம்போல அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மாட்டிக் கேட்டேன். சந்தேகமே இல்லை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கேட்டு வளர்ந்த கூவல். தமிழில் எழுதினேன்: “நீங்கள் செஞ்சியா?”  சில நாள் கழித்துப் பதில் வந்தது: “ஆமா. இன்னாத்துக்கு கேக்கறீங்க?”

நான் பதில் எழுதுவதற்குள் தம்பி போன் செய்துவிட்டான். குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளைச் செஞ்சி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியைப் பார்த்த ஆட்டோக்காரர், “கோட்டைக்கா மேடம்?” என்றார். “வீட்டுக்கு” என்றேன். வீடு எது என்று கேட்டார். தெருப்பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. “மண்டி சந்துண்ணா” என்ற பிறகுதான் முகத்தை உற்றுப் பார்த்தார்.

வீட்டிலிருந்தே வேலை செய்துகொள்ள அலுவலகம் அனுமதித்திருந்தது. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, மாத்திரை, கஞ்சி, நடுநடுவே தாம்பரேயின் கூட்டங்கள். கரண்ட் போகும், வரும். வெயிலில் மலைப்பாறைகள் காய்ந்து சாயங்காலம் வரை அனலடிக்கும். அந்தக் களைப்பிலும் ஆர்.கே.வுக்கு எழுதினேன், வீட்டு விலாசத்தோடு.

அடுத்த நாள் காலை ஒரு மொபெட் வாசலில் நின்றது. ஓட்டிவந்த பெரியவர் இறங்கி, பின்னால் இருந்த பெண்ணின் கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டார். நாற்பது வயதிருக்கும், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். பருத்திப் புடவை, முதுகில் லேப்டாப் பை. “பாத்து மா, ரெண்டு படி” என்றவரிடம், “தெரியும் நைனா, நீ கெளம்பு” என்றாள். பிறகு என் முகத்தைத் தேடிப் பிடித்து, “நான்தான் ஆர்.கே. ராஜகுமாரி. பொண்ணுன்னு தெரிஞ்சா பாதி பேர் பதிலே போட மாட்டான். அதான் அப்டி” என்றாள்.

அவளுக்குக் கண்ணில் விழித்திரை நோய். ஓரத்திலிருந்து பார்வை உள்ளே சுருங்கிக்கொண்டே வருகிறது. “மோட்டார் பைப்பு இருக்குது இல்ல, அது வழியா பாக்கற மாதிரிக்கா. நேரா இருக்கறது தெரியும். பக்கத்துல யானை நின்னாலும் தெரியாது.” சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறாள். அங்கே யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். கல்யாணம் பேச வந்தவர்கள் தெரிந்துகொண்டு போனது போதும் என்றாள், சிரித்தபடி. “ஒரு பிராக்கெட்டுக்கு ஜோடி தேடி ஒருத்தர் ஒரு நிமிஷத்துல பாக்கறத நான் அரை நாள் தேடணும். உங்க ப்ளகின் இருக்கறதால மத்தவங்க வேகத்துக்கு ஓடறேன். புது எடிட்டர் வந்து இது நின்னுதுன்னா நானும் நின்னேன்.”

நான் என் களைப்பைச் சொன்னேன். கட்டைவிரலை, சனி ஞாயிறுகளை, அம்மாவை. அவள் கெஞ்சவில்லை. “நிறுத்திக்கோங்க. யாரு வாணாம்ன்னா? என்கிட்ட குடுத்துட்டு நிறுத்துங்க. நீங்க எழுதனது எனக்குப் பாதிதான் புரியுது. உக்காந்து மீதிய எழுதி முடிக்கலாம்” என்றாள்.

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் அவள் நைனா கொண்டுவந்து விடுவார். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டோம். நான் எழுதிய இடங்களை ஒவ்வொன்றாக விளக்குவேன். அவள் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு முகம் திரையில் முட்டுமளவு குனிந்து கேட்பாள். எனக்கு வேண்டும் என்று நினைத்து நான் வைத்த பலதையும் அவள் கழற்றிப் போட்டாள். மின்னுகிற நிறங்கள் போயின. ஜோடி திரைக்கு வெளியே இருந்தால் அந்த வரியே கர்சருக்குக் கீழே வந்து நிற்க வேண்டும், திறப்பதற்கு ஓர் ஒலி, மூடுவதற்கு ஓர் ஒலி என்றாள். எனக்குக் கோபம் வந்தது. “எல்லாரும் உங்கள மாதிரி பாக்கறவங்க இல்லம்மா.” “எல்லாருக்கும் தெரியறத இன்னாத்துக்குக்கா காட்டணும்?” என்றாள். எங்கள் குரல் உயர்ந்ததும் கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள்: “இன்னாடி அது, தொறந்தது மூடலன்றீங்க, மூடனது தொறக்கலன்றீங்க? கதவா, கேட்டா?” ராஜகுமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு நாள் அவள் வந்ததும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஆபீஸில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். “ப்ளகின்ல என் பேரு வரப்போவுது. இன்னாத்துக்கு இதுல ஒலின்னு எவனாவது கேப்பான். அவன் கண்டுபுடிக்கறதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன்.”  மேலதிகாரி, இத்தனை வருஷம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். திரையைக் காட்டியிருக்கிறாள். “இன்னா சொன்னாரு?” என்றேன். “பாக்கலாம்ன்னாரு. இப்போதைக்குத் தொடரட்டுமாம்.” இப்போதைக்கு என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள்.  அம்மா, “தயிர் சாதம் சாப்ட்டுட்டுப் போ மா” என்றாள். அவள் சாப்பிட்டாள். பிறகு வேலை செய்தோம்.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடக்கத் தொடங்கியதும் நான் ஃபின்லாந்துக்குத் திரும்பினேன். புதிய ப்ளகின் ராஜகுமாரியின் பெயரில் வெளியானது. கேள்விகள் இப்போது அவளுக்குப் போகின்றன. ஒற்றை வரியில் பதில் போடுகிறாள் என்று ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவள் வேலை இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு. பார்வை மேலும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. எனக்குச் சனி ஞாயிறுகள் திரும்பக் கிடைத்தன. களைப்பு மட்டும் போகவில்லை. அது ப்ளகினால் வந்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மார்யா என்னை அழைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடைப்பிலிருந்து அடைப்புக்குத் தாவிக்கொண்டிருந்தார். “இதைச் செய்தவர் உங்கள் நாட்டுக்காரர். ராயகுமாரி. உங்களுக்குத் தெரியுமா?” என்றார், இங்கத்தியர் வழக்கப்படி ஜகரத்தை யகரமாக்கி. இந்தியாவில் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று இங்கே எல்லாரும் கேட்பார்கள். எங்கள் நாடு பெரியது என்று அலுத்துப்போய்ச் சொல்வேன். இந்த முறை, “தெரியும். எங்கள் ஊர்” என்றேன். அவர் நம்பாமல், அந்த ஊர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார்.

என் போனில் வரைபடத்தைத் திறந்து செஞ்சி என்று அடித்தேன். கோட்டை இருக்கும் மலைகள் மூன்றும் சாம்பல் திட்டுகளாக வந்தன, நடுவே அவலூர்பேட்டைக்குப் போகும் சாலை. எவ்வளவு தூரம் என்று மார்யா கேட்டார். வழி காட்டும் பொத்தானை அழுத்தினேன். தாம்பரேயில் நான் குடியிருக்கும் கட்டடத்தை அது தானாகவே வீடு என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, வீட்டிலிருந்து அங்கே போக வழி கிடைக்கவில்லை என்று ஃபின்னிஷில் சொன்னது. ஊர்களின் இடத்தை மாற்றிப் போட்டு, செஞ்சியிலிருந்து வீட்டுக்கு என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் அதே பதில்தான்.