பாலம் தாண்டி வருகிற வண்டி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் கார் ஷோரூமுக்குப் போனவர்கள்: என் மகள் கலா. வாங்கப் போகிறவள் அவள்தான். என் மனைவி செல்லம். அவள் தம்பி கோவிந்தன் – குவைத்தில் பதினைந்து வருடம் இருந்தவன், அதனால் எல்லாம் தெரிந்தவன். கடைசியாக நான். என் பையில் ஒரு நடவுக் கயிறு.

கார் வாங்கக் கயிறு எதற்கு? சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வாய்க்காலைத் தாண்டி வரவேண்டும். சிமெண்ட் பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். கட்டும்போது அகலம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள் – வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேலத்தெருவில். மாட்டு வண்டி போனால் போதும் என்று பதில் வந்தது. எங்கள் தெருவில் யாரிடமும் மாட்டு வண்டி இல்லை. இருந்தாலும் போதும் என்றுவிட்டார்கள்.

கலா பேங்க்கில் ஆபீசர். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வண்டி நம்ம வாசல்ல நிக்கணும்ப்பா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. மேலத்தெருப் பெரியவருக்கு நான் இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டியது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கார் அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நான் நடந்து வருவேன். கலா சின்னப் பிள்ளை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனவே பாலத்தை அளந்தேன். நடவுக்கு வரிசை பிடிக்கிற கயிறு, இழுத்தால் நீளாது. ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஷோரூமில் டை கட்டிய தம்பி ஒருவர். மிட்சைஸ் எஸ்யூவி முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"இதுல ரோடு பிரசென்ஸ் இருக்கும் சார்."

அப்படியென்றால்?

"ரோட்டுல போனா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க."

"எங்க ஊர்ல எரும போனாலே திரும்பிப் பாப்பாங்க" என்றாள் செல்லம்.

பக்கத்தில் அதைவிடச் சின்னது, காம்பாக்ட். அதுவும் எஸ்யூவிதானாம். கோவிந்தன் அதன் கதவைத் திறந்து மூடினான். "குவைத்ல இதுல காய்கறி வாங்கப் போவாங்க மச்சான்."

"இங்க காய்கறி வாங்க எதுல போறதாம்?" என்றாள் அவன் அக்கா.

நான் கயிற்றை எடுத்தேன். பெரிய வண்டியின் மூக்கில் குறுக்கே பிடித்தேன். முடிச்சுக்குள் அடங்கியது. சின்ன வண்டியில் பிடித்தேன். அதுவும் அடங்கியது. மறுபடி பெரியது. ஷோரூம் தம்பி கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"சார்... ரெண்டும் அகலம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நீளம்தான் வேற."

இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டியவன் நான். கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

"அப்ப பெருசுதான்" என்று கோவிந்தன் முடித்தான்.

"பாலம் எறங்குன ஒடனே திரும்பணுமே, அது?" என்றாள் செல்லம்.

அதை மறந்திருந்தோம். பாலம் இறங்கினால் எதிரே மாரியம்மன் கோயில் சுவர். சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். நீள வண்டி ஒரே திருப்பில் திரும்பாது. பின்னால் எடுக்கவேண்டும். பின்னால் வாய்க்கால்.

"தண்ணி வர்ற காலத்துல ரிவர்ஸ் எடுத்தா வண்டி கடைமடைக்குப் போயிரும்" என்றாள்.

"கடைமடைக்குத் தண்ணிதான் போவல. வண்டியாச்சும் போவட்டும்" என்றான் கோவிந்தன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மச்சான், எதுக்கு இவ்வளவு ரோசன? பெரியவரு நேத்தே சொல்லிட்டாரு. 'கொட்டா சும்மாத்தான கெடக்கு, கொண்டாந்து நிறுத்திக்கச் சொல்லு'ன்னு. பெருசா எடுத்து அங்க நிறுத்துவோம்."

பெரியவர் நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கலா கோவிந்தனைப் பார்த்தாள். "மாமா, நான் கார் வாங்க வந்திருக்கேன். கொட்டா பாக்க வரல."

பிறகு என்னைப் பார்த்தாள். "சின்னது," என்றேன்.

ஷோரூம் தம்பி நேர்மையான ஆள். எழுதும் முன் ஒன்று சொன்னார். "மேடம், இதுல பின்னாடி மூணு பேர்னா கொஞ்சம் நெருக்கி உக்காரணும். தோள் இடிக்கும். பெருசுல தாராளம்."

"எங்களுக்கு இடிச்சுப் பழக்கம்தான்" என்றாள் செல்லம்.

வண்டி வந்தது. கண்ணாடி இரண்டையும் மடக்கி, கலாவே பாலத்தில் ஏற்றினாள். இறங்கினாள். ஒடித்தாள். ஒரே திருப்பு. வாசலில் நின்றது. அவள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் வண்டியைத் துடைத்தேன். தூசி ஒன்றும் இல்லை.

போன திங்கட்கிழமை மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. பெரியவருக்குக் கண்ணில் புரையாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம். அவர் பிள்ளைகள் அமெரிக்காவில். பழைய கார் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. வண்டியை அங்கே கொண்டுவரச் சொன்னார்.

"எட்டரைக்குக் கெளம்புவேன்" என்றாள் கலா. "ஐயாவ வரச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போறேன்."

வருவாரா? எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் பாலம் தாண்டி நான் பார்த்ததில்லை.

எட்டே காலுக்கு வந்தார். கைத்தடி. ஒரு கை பாலத்துச் சுவரில். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று எல்லோருக்கும் தஞ்சாவூரில் வேலை. கலா ஸ்டியரிங்கில். பாலத்துச் சுவரைப் பார்த்துச் சொல்ல நான் முன்னால் ஏறவேண்டும். செல்லத்துக்குக் குமட்டும், அவள் பின்னால் ஜன்னலோரம். கோவிந்தனுக்கு முழங்காலில் வலி, அவன் இந்த ஜன்னலோரம். மிச்சம் நடு.

ஜன்னலோரத்தைப் பெரியவருக்கு விட்டு நடுவில் நகரச் சொல்வேன் என்று கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் கோயில் சுவரைப் பார்த்தேன். அவன் இறங்கிப் பெரியவருக்கு வழிவிட்டு, பின்னாலேயே ஏறினான்.

"வண்டி சின்னதா இருக்கேடா" என்றார் பெரியவர் என்னிடம்.

"நல்லா ஒட்டி உக்காருங்கய்யா" என்றாள் செல்லம். "கதவு சாத்தணும்."

ஒட்டி உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

பின் சீட்டில் மூன்று பேர்.