கோழிக்கறி என்று சொன்னேன்

பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். ஒன்பது வயதில் இந்த இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டபோது நான் அப்பா பக்கம் நின்றேன்.

தோட்டத்து லயத்தை விட்டு லூனாஸ் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மரத்திலிருந்து செம்பனைக் குலை ஒன்று தோளில் விழுந்ததிலிருந்து அப்பாவால் வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. கை தூக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை, வேலை இல்லாதவருக்கு லயத்தில் என்ன வீடு? ஒரு சாப்பாட்டுக் கடையில், கூப்பிடுகிற நாட்களில் மட்டும் தட்டு கழுவப் போவார். யாராவது கேட்டால், "கடையைப் பாத்துக்கிறேன்" என்பார்.

அம்மாவுக்குத் தையல் தெரியும். தோட்டத்தில் இருந்தபோது கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில் கற்றுக்கொண்டது. மெஷின்தான் இல்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, மெஷின் வந்தால் தன் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பான பாஜு கூரோங்கை அம்மாவிடமே தைக்கத் தருவதாகச் சொல்லியிருந்தார். தம்பி கைக்குழந்தை. அடிக்கடி அவனுக்கு மூச்சு இழுப்பு வரும். அவனை விட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

எங்கள் மாதா கோயிலில் ஓர் உதவிக்குழு இருந்தது. கஷ்டப்படுகிற குடும்பம் சொந்தக்காலில் நிற்கட்டும் என்று வருடத்துக்கு ஒரு வீட்டுக்குத் தையல் மெஷினோ தள்ளுவண்டியோ வாங்கித் தருவார்கள். தருவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். உண்மையிலேயே கஷ்டமா என்று தெரியவேண்டுமல்லவா? அந்த வருடம் ஒரு மெஷினுக்கு எங்களையும் சேர்த்து இரண்டு வீடுகள் எழுதிக்கொடுத்திருந்தன.

அதே வரிசையில் குடியிருந்த பெரியம்மா, அவர்கள் வருவதற்கு முதல் நாளே வந்து அம்மாவை எச்சரித்துவிட்டுப் போனார். "வீடு இருக்கிற மாதிரியே இருக்கட்டும் லா. கூட்டக்கூட கூட்டாத. அவங்க பாத்து எழுதிக்கிட்டுப் போவட்டும்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு தண்ணிகூட குடுக்காம பிச்சக்காரன் மாதிரி நிக்கச் சொல்றீங்களா அக்கா?" என்றார்.

மறுநாள் காலையில் கண்ணாடி ஜாடி, ஆறு கிளாஸ், பூப்போட்ட மேசை விரிப்பு, நின்றபடி சுற்றும் காற்றாடி எல்லாவற்றையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். யாரிடமிருந்து? பெரியம்மாவிடமிருந்துதான். திட்டிக்கொண்டே கொடுத்தாராம். கடையிலிருந்து கிரீம் பிஸ்கட் வந்தது. கிறிஸ்துமஸ் திரைச்சீலை பெட்டியிலிருந்து இறங்கி ஜன்னலில் ஏறியது. எனக்குக் கிறிஸ்துமஸ் கவுன். வீடு திருநாள் வீடாகிவிட்டது. அம்மா அலமாரியைத் தள்ளி ஜன்னலுக்குக் கீழே மெஷின் வைக்க இடம் பண்ணி, அந்தத் தரையை மட்டும் இரண்டு முறை துடைத்தாள்.

மத்தியானம் சோற்றில் வெறும் கிச்சாப்பு சோயா சாஸை ஊற்றிச் சாப்பிட்டோம். மூன்று நாளாக அதுதான். வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த சிறிது நேரத்தில் அவர்கள் வந்தார்கள். பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், கூட ஓர் அண்ணன். அண்ணன் கைப்பேசியில் வீட்டைப் படம் எடுத்தார். டீச்சர் விண்ணப்பப் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் என்ன வேலை என்று கேட்டார். "கடையைப் பாத்துக்கிறேன் டீச்சர்" என்றார் அப்பா. டீச்சர் எழுதினார். நான் தட்டில் ரோஸ் சிராப் தண்ணியை ஏந்திக்கொண்டு போய் நீட்டினேன்.

சின்னப்பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிற நல்ல மனுஷி அவர். என்னைப் பக்கத்தில் இழுத்து, "பாப்பா, மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

"கோழிக்கறி டீச்சர்."

"ஓ! இன்னிக்கி ஏதும் விசேஷமா?"

"இல்ல டீச்சர். எங்க வீட்ல அடிக்கடி கோழிதான்."

அப்பா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். டீச்சர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தாள்.

"ஆமா டீச்சர்" என்றாள்.

டீச்சர் அதையும் எழுதினார். சிராப்பை முழுவதும் குடித்தார். "வீட்ட ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்கம்மா" என்று மனதாரப் பாராட்டிவிட்டு எழுந்தார். அவர்கள் போனதும் அப்பா இடது கையால் என் தலையைத் தடவி, "என் புள்ள!" என்றார். எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, பூசை முடிந்ததும் மெஷினை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். புருஷனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்ற அக்கா அவர். தகாத இடத்துக்குப் போய்விட்டது என்று யாரும் சொல்லமுடியாது. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். அடுத்த மாதம் கையுறை செய்யும் ஃபேக்டரியின் வேன் விடியற்காலையில் எங்கள் வாசலில் நின்றது. தம்பிக்கு இழுப்பு வந்த நாட்களில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எதிர்வீட்டுப் பாஜு கூரோங்கை யாரோ தைத்தார்கள். ஃபேக்டரித் தண்ணீரில் தோல் உரிந்து உரிந்து அம்மாவின் விரல்கள் மரத்துப்போயின. இப்போது ஒரு பொத்தான் தைப்பதற்குக்கூட நூலைக் கோர்த்துத் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். 'பிள்ளை பொய் சொல்லுது' என்கிற வார்த்தை அது. அவள் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்க அவளுக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. அன்றைக்கு அவர்கள் போன பிறகு, மிச்சமிருந்த கிரீம் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே அந்தச் சுத்தமான தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அம்மா திருப்பிக் கொடுக்கவேண்டிய கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லா பேசுனேனாம்மா?"

"நல்லா பேசுன."

அவள் திரும்பவில்லை. ஒரே கிளாஸை நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பெரியம்மா வீட்டுக் கிளாஸ், உடைந்துவிடக்கூடாது என்று கவனமாக இருக்கிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டு, நான் இன்னொரு பிஸ்கட்டைப் பிரித்துக் கிரீமை நக்கினேன்.