பீடத்துக்கு நாற்பது தண்டு

காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும், அதையும் தண்ணீருக்குள் வைத்தே வெட்ட வேண்டும். வெளியில் வெட்டினால் உள்ளே காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும், விட்டால் அழுகும். பழம் இருக்கும் இடத்தில் பூ கூடாது. நேர் மேலே மின்விசிறி கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். அந்தப் பட்டியலில் அண்ணன் இல்லை.

எங்கள் பங்குத் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் பீடத்துப் பூ வாரம் ஒரு வீட்டின் முறை. சனிக்கிழமை மதியமே பூ வந்துவிடும். காலை வரை வாடாமல் காப்பது முறை வந்த வீட்டின் பொறுப்பு. மயிலாப்பூரில் எங்களுக்கு இரண்டே அறைகள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறைதான். அன்று இருபது வெள்ளை ரோஜா, நீளத் தண்டில் வரிசையாக மலரும் கிளாடியோலஸ் இருபது. இருந்த மூன்று பக்கெட்டும் நிறைந்துவிட்டன.

அப்பா இறந்த பிறகு அண்ணன் அடிக்கத் தொடங்கியிருந்தான். என்னையும் அடிப்பான், அம்மாவைத்தான் அதிகம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் நான் தர ஆய்வாளர். மயிரிழை பிசகினாலும் உதிரிப் பாகத்தைத் திருப்பி அனுப்புவேன். வீட்டிலோ மூன்று வருடமாக எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தேன். வழுக்கி விழுந்தது, கதவு இடித்தது, குக்கர் மூடி தெறித்தது. அம்மாவின் காயங்களுக்கு வெளியில் சொல்ல இந்தக் காரணங்களை யோசித்துக் கொடுத்தது நான்தான். ஒன்றையே அடுத்தடுத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு வரிசையும் வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு அண்ணன் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனான்.

“எம்மா, இன்னாது இது, குளிக்கிற ரூமா, பூக்கடையா? பக்கெட்டு எங்க?”

“நாளைக்குப் பூசைக்குடா. இன்னிக்கு ஒரு நாள் சொம்புல புடிச்சு ஊத்திக்கோயேன்” என்றபடி அம்மா குளியலறைக்குள் வந்தாள். நானும் பின்னால் போனேன்.

“சாமிக்கு பக்கெட்டு, எனக்கு சொம்பா?”

அம்மா சிரித்துவிட்டாள். அவன் சொன்னது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அம்மாவின் கொண்டையைப் பிடித்து முகத்தை வாஷ்பேசின் விளிம்பில் மோதினான். ஒரு முறைதான். தட்டை மேசையில் வைப்பது போன்ற சத்தம். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான். ஈரத்தரையில் பக்கெட்டுகளுக்கு நடுவே விழுந்தேன். அம்மாவின் உதடு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று பாதியாகியிருந்தது.

அப்போது நான் காம்பு வெட்டிய கத்தரிக்கோல் அவன் கண்ணில் பட்டது.

“இன்ஜினியரம்மா, எல்லாத்துக்கும் லிஸ்ட்டு போடுவியே, இதையும் எழுதிக்கோ. ஒண்ணு.”

முதல் ரோஜாவின் தலை என் மடியில் விழுந்தது. “ரெண்டு. மூணு.” அவசரமே இல்லாமல் வெட்டினான். கிளாடியோலஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிடித்து, பூ தொடங்கும் இடத்தில் நறுக்கினான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. கத்தரிக்கோல் பூவில் இருக்கும்வரை அம்மாவிடம் வராது. இன்னும் எத்தனை மிச்சம் என்று பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாப்பது” என்று சொல்லிக் கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தான். ஒரு பக்கெட்டில் இருந்த தண்டுகளை வெளியே வீசினான். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே குளித்தான். தலைசீவி, பவுடர் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

துண்டை வாயில் அழுத்தியபடி அம்மா முதலில் சொன்னது பூவைப் பற்றித்தான்.

“விடிஞ்சதும் மாட வீதில சம்பங்கி வாங்கிக்கலாம். வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

“போன தடவை அதாம்மா சொன்னோம்.”

“அப்போ குக்கர் மூடி.”

“பல்லுக்கு அது சரிப்படாதும்மா.”

பல்லுக்கு என்னிடம் காரணம் இல்லை.

இதழ்களைப் பெருக்கி எடுத்தேன். பக்கெட்டைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்தேன். பிறகு, ஏனென்று தெரியாமலே, வீசிய தண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றின் அடியையும் தண்ணீருக்குள் சாய்வாக வெட்டி வைத்தேன். பாதி வெட்டும்போது ஏனென்று தெரிந்துவிட்டது.

“அம்மா, நாளைக்கு இதையே வைக்கட்டுமா?”

அம்மா கீழே உருண்டு கிடந்த ஒரு தண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

காலையில் அவன் எழுவதற்கு முன் கிளம்பினோம். பீடத்தின் இருபுறமும் பித்தளைச் சாடிகளில் இருபது இருபதாகத் தண்டுகளைச் செருகினேன். பீட அலங்காரத்தைக் கவனிக்கும் டீச்சர் உள்ளே வந்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், வாய் அதிகம்.

“ஏம்மா, தொடப்பத்தையெல்லாம் எதுக்குச் சொருகி வெச்சிருக்கே? பூ எங்க?”

நடந்ததைச் சொல்ல நான் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அதற்குள் அம்மா வாயை மூடியிருந்த முந்தானையை இறக்கினாள்.

“என் பையன் வெட்டிப் போட்டுட்டான் டீச்சர். இதுவும் அவன் பண்ணதுதான்.”

டீச்சர் அம்மாவின் வாயைப் பார்த்தார்.

“அன்னிக்குக் கை வீங்கினப்போ, வழுக்கி விழுந்தேன்னியே?”

“அதுவும் அவன்தான்.”

“குக்கர் மூடி?”

“அதுவும்.”

டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வர்றீங்க. சாப்பிட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போறோம். நான் கூட வரேன்.” பிறகு சாடியில் சாய்ந்திருந்த ஒரு தண்டை நிமிர்த்தி வைத்தார்.

பூசை தொடங்கியபின் அண்ணன் வந்தான், எப்போதும்போல் கடைசி வரிசைக்கு. திரும்பிப் பார்த்தேன். பீடத்தைப் பார்த்தான், பிறகு எங்களைத் தேடினான். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது அம்மா எனக்கு முன்னால் நின்றாள். முந்தானை தோளில்தான் இருந்தது. ஃபாதருக்கு எதிரே வந்ததும் அதை நாக்கில் வாங்க வாயைத் திறந்தாள். அவருடைய கை பாதியில் நின்றது. அம்மா வாயை மூடாமல், அவர் நன்றாகப் பார்க்கும்வரை அப்படியே நின்றாள்.