பன்னிரண்டரையைப் பூஜ்யமாக்கிய ஃபார்ம்

காலை ஏழு மணிக்கு சண்முகம் போன் செய்தார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக நடத்துகிறார்கள். அதற்கு அவர் மேனேஜர். காரைக்குடியில் இருந்துகொண்டு அவர்களுடைய புக்கிங் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

"மேடம், வீட்டுக்காரவுகளே பெட்டியும் கையுமா வாசல்ல நிக்கிறாக. சிஸ்டத்துல ஆளு சைபர்னு காட்டுது. அடுப்பு பத்த வைக்கல, ரூமும் தொறக்கல. ஒடனே இங்குட்டு வாங்க."

அந்த வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. பங்காளிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் வீடு அவர்களுடையது, அன்று ரூமும் சாப்பாடும் ஹோட்டல் பொறுப்பு என்பது குத்தகை நிபந்தனை. அது தவறினால் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சண்முகம் பதறியதில் ஆச்சரியமில்லை. அந்த நாளுக்கான ஃபார்மை எழுதியவள் நான் என்பதால் உடனே கிளம்பினேன்.

ஒரே வரியில் முடித்த வேலை

ஒரு மாதத்துக்கு முன் சண்முகம்தான் கேட்டார், குடும்பத்துக்காரர்களுக்குத் தனி ஃபார்ம் வேண்டுமென்று. அந்த சாஃப்ட்வேர் ஒரு பழைய ஜாவா ஃபிரேம்வொர்க்கில் ஓடுகிறது. பெயரைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒவ்வொரு ஃபார்மிலும் என்னென்ன கட்டங்கள், எது எழுத்து, எது எண் என்பதெல்லாம் ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைலில் இருக்கும்.

விருந்தினர் ஃபார்ம் ஏற்கெனவே இருந்தது: பெயர், போன், தேதி, நபர்கள். குடும்பத்துக்கும் அதே நான்குதான். காப்பி அடித்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று ஒரு வரி எழுதினால், புது ஃபார்ம் பழையதன் கட்டங்களை அப்படியே எடுத்துக்கொள்ளும். எழுதினேன். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சண்முகம் ஒன்றே ஒன்று மாற்றச் சொன்னார். "நபர்கள்னு வேணாம் மேடம். புள்ளின்னு போடுங்க. அவுக எழுதுறது அப்பிடித்தேன்."

"புள்ளின்னா ஆளுதானே?"

"ஆளுதேன்."

கட்டத்தின் தலைப்பை மட்டும் மாற்றினேன். ஐந்து, பத்து, இருபது என்று போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அந்த அரை

நான் கானாடுகாத்தான் போய்ச் சேர்ந்தபோது முகப்பு முழுக்கப் பெட்டிகள். குழந்தைகள் பசியில் சிணுங்கின. ஒரு மூலையில் லேப்டாப்பைத் திறந்தேன். சாஃப்ட்வேர் தன் கோளாறுகளை எழுதிவைக்கும் லாகில் ஒரு எரரும் இல்லை. ஆனால் டேட்டாபேஸில் பூஜ்யம். பிரவுசரா, சர்வரா, அவர்களுடைய போனா? அரைமணி நேரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, ஃபார்மைப் பூர்த்தி செய்தவர் யார் என்று கேட்டேன்.

வள்ளியம்மை ஆச்சி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கோயம்புத்தூரில் பேங்க் ஆபீசர்.

"ஆச்சி, அன்னைக்குப் போட்ட மாதிரியே இன்னொரு தடவை போட்டுக் காட்டுறீகளா?"

நிதானமாக அடித்தார். புள்ளி என்ற கட்டத்தில் 12.5. திரையில் 'பதிவு முடிந்தது, நன்றி' என்று வந்தது. டேட்டாபேஸில் பூஜ்யம்.

நபர்கள் கட்டம் முழு எண்ணுக்கானது. புள்ளியும் அதிலிருந்து எடுத்ததுதானே! முழு எண்ணாக மாற்ற முடியாத எதைக் கொடுத்தாலும் இந்த ஃபிரேம்வொர்க் சத்தம் போடாது. பூஜ்யத்தை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அது புரிந்தது. மற்றது புரியவில்லை.

"பன்னெண்டரைப் பேரா? அரை ஆள் எப்படி வருவாக?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

ஆச்சி லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த அரை நாந்தேன்" என்றார் ஆச்சி. "புருசன் பொஞ்சாதி சேந்தா ஒரு புள்ளி. ஒருத்தர் போயிட்டா அரை. கல்யாணமாகாத பிள்ளைகளுக்குக் கணக்கில்ல. அவுக போயி ஆறு வருசமாச்சு."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

மறுபடியும் தப்பு

பதற்றத்தில், குடும்ப ஃபார்மில் அந்தக் கட்டத்தை மட்டும் தசம எண்ணாக மாற்றி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். ஆச்சி மறுபடி பதிவு செய்தார். இந்த முறை 12.5 ஒழுங்காக ஏறியது. அப்பாடா என்று நிமிர்ந்தால், சமையற்காரர் கருப்பையா சமையலறைப் பிரிண்டரிலிருந்து கிழித்த சீட்டோடு எதிரில் நிற்கிறார்.

"மேடம், பன்னெண்டரைக்கு எத்தன கிலோ அரிசி போடுறது?"

அப்போதுதான் உறைத்தது. எண்ணின் வகையில் இல்லை கோளாறு. நான் எடுத்துக்கொண்ட கட்டம் ஆட்களை எண்ணுகிறது. இவர்கள் குடும்பங்களை எண்ணுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கியது என் ஒரே வரி.

ஆச்சி சீட்டை வாங்கினார். முகப்பு, உள்ளே வளவு முற்றம், வாசலில் நின்ற வேன் வரை ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது "முப்பத்தாறு" என்றார். ஒரு நொடி நின்று, தன் நெஞ்சில் விரலை வைத்து, "முப்பத்தேழு" என்றார். சீட்டில் 12.5-ஐ அடித்துவிட்டு அதை எழுதி கருப்பையாவிடம் கொடுத்தார்.

ஒரு மணிக்குப் பந்தி ஆரம்பித்தது. சண்முகம் ஓடி ஓடிப் பரிமாறினார். "சாப்பிட்டுப் போங்க" என்று ஆச்சி கூப்பிட்டார். எந்த முகத்தோடு உட்காருவது? வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது இரண்டு ஃபார்முக்கும் பொதுவாகப் பெயர், போன், தேதி மூன்றுதான். நபர்கள், புள்ளி இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். சமையலறைக்கு நபர்கள் மட்டுமே போகும். நபர்கள் கட்டத்தில் முழு எண் இல்லாததைப் போட்டால் ஃபார்ம் நின்று கேட்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு கட்டத்தை இன்னொரு ஃபார்மிலிருந்து எடுக்கும் முன், அது எதை எண்ணுகிறது என்று அதை நிரப்பப்போகிறவரிடம் கேளுங்கள். மேனேஜரிடம் கேட்டால் போதாது.

இந்த வருடம் ஆச்சியின் பதிவு வந்தது. புள்ளி 12.5. நபர்கள் 38. ஃபார்ம் மறுபடியும் ஏதாவது உளறியிருக்கிறதோ என்று பயந்து போன் செய்தேன்.

"ஆச்சி, போன வருசத்தவிட ஒண்ணு கூடுதே. வீட்டுல கொழந்த பிறந்திருக்கா?"

"அதெல்லாம் இல்ல. போன தடவ சாப்பிடாமப் போனீகள்ல, ஒங்களையும் சேத்துத்தேன் போட்டிருக்கேன்."