பேசாமல் புரட்டியவர்கள்

எலும்பு முறிவு வார்டில் சின்னவளும் பெரியவளும் உதவியாளர்கள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோது வாய்த்தகராறு முற்றிப் பேச்சு நின்றுபோனது. ஆனால் வேலை இருவரையும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நிறுத்தியது.

அசைய முடியாதவர்களை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் செத்துப் படுக்கைப் புண் வந்துவிடும். தனியாளாகப் புரட்டினால் உடம்பை இழுக்க வேண்டிவரும். இழுத்தால் தோல் உரியும். இருவர் விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். பெரியவள் செருமுவாள், உடனே இருவரும் சேர்ந்து தூக்குவார்கள். ஒரு நூல் பிசகாது.

இடுப்பெலும்பு முறிந்து கிடந்த லாரி டிரைவருக்கு அதில் ஒரே சிரிப்பு. “என் கிளீனர் வாய் ஓயாம பேசுவான், ஒரு தடவை ஒழுங்கா ரிவர்ஸ் பாத்ததில்ல. நீங்க செருமியே வண்டியத் திருப்புறீங்களே!”

அவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். தோலில் புண் இருந்தால் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் புது மேட்ரன் வந்தார். “பேசிக்காம என்ன டீம் வொர்க்?” என்று இருவரையும் பிரித்தார். சின்னவளுக்கு ஜோடியாக ஒரு புதுப்பெண். “அக்கா, அக்கா” என்று உயிரை விடுவாள். புரட்டும் நேரத்தில் மட்டும் ஆளைக் காணோம். சின்னவள் மேட்ரனிடம் போனாள்.

“பெரியவங்களையே மறுபடி போடுங்கம்மா.”

“தாராளமா. நீங்களே போய் வாயத் திறந்து அவங்களக் கூப்பிடுங்க.”

பெரியவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். சின்னவளுக்குக் கால் வரவில்லை. டிரைவரைத் தனியாகவே இழுத்துப் புரட்டினாள். முதுகின் அடியில் ஓரிடம் சிவந்தது. விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை. புண் தொடங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். அப்போதும் போகவில்லை. மறுநாள் தோல் பிய்ந்திருந்தது. அன்றுதான் போனாள்.

“அக்கா, வா. டிரைவருக்குப் புண்ணு வந்துடுச்சு.”

பெரியவள் கையிலிருந்த தலையணை உறையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பார்த்தாள்.

“செவந்தப்பவே கூப்பிட்டிருக்கலாம்ல?”

“நீயும் ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல?”

அவ்வளவுதான் பேசினார்கள். இருவரும் சேர்ந்து டிரைவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. வாசலில் டிரைவரின் மனைவியோடு நின்ற மேட்ரனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீங்களா, பேசிட்டாங்க! இதத்தான் நான் சொன்னேன்.”

புண்ணைப் பார்க்க வந்த டாக்டரிடம் டிரைவரின் மனைவி கேட்டாள். “அப்போ ஆபரேஷன்?”

“புண்ணு ஆறட்டும்மா. இப்ப எதுவும் சொல்ல முடியாது.”

டாக்டர் போன பிறகு அவள் ஓரகத்திகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க வீட்டுச் சண்டைக்கு என் வீட்டுக்காரர் முதுகுதான் கெடச்சுதா?”