மாடிப்படி இல்லாத வீடு

வத்திராயிருப்பிலிருந்து கல்யாணமாகி நான் ராஜபாளையத்துக்கு வந்தபோது என் மாமனாரின் பத்திரிகை வாரம் ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. வீட்டின் முன்னறையில் சின்ன ஆஃப்செட் மெஷின். அச்சாகி வரும் தாள்களைக் கூடத்தில் பரப்பி வைத்து என் மாமியார் மடிப்பார். வியாழக்கிழமைகளில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். கடையிலிருந்து பரோட்டா வரும். மடித்துக்கொண்டே அத்தை எல்லாச் செய்தியையும் படித்துவிடுவார். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, யார் வீட்டில் காதுகுத்து என்பதெல்லாம் ஊருக்கு முன் அவருக்குத் தெரியும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். பக்கங்களை வடிவமைக்க வெளியே ஆள் தேடுவானேன் என்று என்னை உட்காரவைத்தார்கள். "ஆறு மாசம் பாரு, பொறவு உன் இஷ்டம்" என்றார் என் கணவர். ஆறு மாதம் முடிவதற்குள் பத்திரிகை வாரம் இருமுறை ஆகிவிட்டது. அப்புறம் மாலை நாளிதழ். அதற்கும் அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கென்று தனிப் பதிப்பு.

பத்திரிகை வளர வளர வீடு சுருங்கியது. கூடத்தில் பேப்பர் ரீல்களை உருட்டி வந்து நிறுத்தினார்கள். சமையலறை அச்சுக்குப் பிளேட் தயாரிக்கும் அறையானது. அடுப்பும் சாமி படங்களும் மாடிக்குப் போயின. நானும் அத்தையும் அவற்றோடு போனோம். மாமனார் கீழே ஆபீஸ் அறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார்.

பிறகு பெரிய மெஷின் வந்தது. பழையதுதான், ஆனால் தாளை அதுவே மடித்துக் கொடுத்துவிடும். மாடிப்படியை இடித்தால்தான் அது உள்ளே உட்காரும் என்றார்கள்.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. பக்கத்துச் சந்துல புதுப்படி கட்டிருவோம்" என்று மாமனார் அத்தையிடம் சொன்னார்.

அதுவரைக்கும் என்று பின்பக்கம் இரும்பில் ஒரு சுருள்படி வைத்தார்கள். நான் பக்கவாட்டில் திரும்பி இறங்கிப் பழகிக்கொண்டேன். அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. முதல் நாள் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் மெஷின் ஓட்டுபவரும் தாங்கிப் பிடித்து மேலே ஏற்றினோம். அதன் பிறகு அவர் இறங்கவே இல்லை.

சந்தில் படி வரவில்லை. பத்திரிகைக் கட்டு ஏற்றும் வேனுக்கு அங்கே ஷெட் போட்டார்கள். நான் வேலைக்குக் கீழே வர வேண்டாம் என்று என் கம்ப்யூட்டரை மாடியில் வைத்துக் கேபிள் இழுத்துக் கொடுத்தார்கள். மெஷின் ஓடும்போது மாடித் தரை அதிரும். டம்ளரில் தண்ணீர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு அத்தை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பத்திரிகையின் ஆண்டு விழாவுக்குத் தெருவில் பந்தல் போட்டு ஊரையே கூப்பிட்டார்கள். சாப்பாடு எங்களுக்குத் தூக்குவாளியில் மேலே வந்தது.

ஒரு புரட்டாசியில் அத்தை வாய்விட்டுக் கேட்டார். அவருடைய தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். முன்பெல்லாம் சனிக்கிழமை இரண்டு பேருமாக அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைக் குன்றின் பெருமாள் கோவிலுக்குப் போவார்கள். ஏற முடியாவிட்டாலும் அடிவாரத்தில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வருவார்கள். "ஒரே ஒரு தடவ என்னைத் தூக்கிக் கீழ எறக்கி விடுங்க" என்றார்.

"சனிக்கெழம கூட்டத்தப் போட்டோ எடுக்கவே ஆள் பத்தல. அடுத்த வருசம் பாப்போம்மா" என்றார் என் கணவர்.

அவர் போன பிறகு அத்தை என்னிடம் திரும்பினார். "ஏட்டி, மக்கள் குறைன்னு போடுதீகளே, அதுல யாரு சொன்னாலும் போடுவீகளா?"

"தெருப் பேரு வேணும் அத்தை. சொல்லுறது நெசமா இருக்கணும்."

"அப்ப எழுதிக்கோ."

அத்தனை வருடம் மடித்துப் படித்தவருக்கு அந்த நடை பாடமாகியிருந்தது. தெருப் பெயரைச் சொல்லிவிட்டு நிதானமாகத் தொடர்ந்தார்: "இங்குள்ள பத்திரிகை அலுவலகத்தின் மாடிக்குச் சரியான படி இல்லாததால் ஒரு பெண்மணி நெடுநாட்களாக வெளியே வர முடியாமல் அவதிப்படுகிறார். பலமுறை முறையிட்டும் பலனில்லை. சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?"

"சம்பந்தப்பட்டவங்க யாருன்னு போடவா?"

"வேண்டாம். அவியளுக்கே தெரியும்."

சொன்னதை அப்படியே டைப் செய்தேன். கான்சாபுரத்தில் எரியாத தெருவிளக்குக்கும் பஸ் ஸ்டாண்டுச் சாக்கடைக்கும் நடுவில் அதை வைத்தேன். என் கணவர் முதல் பக்கத்தையும் விளம்பரத்தையும்தான் பார்ப்பார். பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் மாமனார் சுருள்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் பத்திரிகை. "யாரு போட்டது இத?"

"நாந்தான் போட்டேன் மாமா."

"நான் போடச் சொன்னேன்" என்றார் அத்தை. "அதுல எதாச்சும் பொய் இருந்தாச் சொல்லுங்க. நாளைக்கே திருத்தம் போட்டிருவோம்."

 மாமனார் பத்திரிகையை மடித்துக்கொண்டு முழு அறையையும் பார்த்தார். அவர் அங்கே வந்து வெகுகாலமாகியிருந்தது. கீழே போன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் தெருவில் போகிறவர்களெல்லாம் எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். சிமெண்ட் கடை வைத்திருக்கும் பாய் நேரில் வந்து, "அண்ணாச்சி, சிமெண்டு நம்ம கடையிலருந்து அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே வேன் ஷெட்டைப் பிரித்தார்கள்.

அகலமான படியாகத்தான் கட்டினார்கள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெருவில் நின்று எதையும் பார்க்கவில்லை. நேராக ஆட்டோவில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனார். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மாமனார் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். "வாரேன்னுதான் சொல்லுதா" என்பார், கேட்காமலே.

அத்தை படுத்திருந்த இடத்தில் இப்போது இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சங்கரன்கோவிலுக்கும் ஒரு பதிப்பு தொடங்கியிருக்கிறோம். மூன்று பதிப்புக்கும் நான்தான் பக்கம் போடுகிறேன். படியில் என்னை யாரும் மறிப்பதில்லை. மதியத்துக்குள் இரண்டு பதிப்பு முடியவேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் அத்தை போனில் கூப்பிட்டார். "எம்புட்டு நாளாச்சு ஒன்னப் பாத்து. ஒரு நா வந்துட்டுப் போயேன்."

"இந்தப் பதிப்பு நிலைக்கட்டும் அத்தை" என்றேன்.

 அத்தை, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.