சொல்யூஷன் வாசனை

மோகனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். அங்கே அவள் விரலில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டுக்கென்று வாங்கிய பழைய மிஷின்தான் அவளைக் கடித்தது. ஒருமுறை தன் சேலைத் தலைப்பையே தலையணை உறையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, பால்காரர் கூப்பிட்டபோது தலையணையோடு வாசலுக்குப் போனாள்.

கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அந்தச் சட்டம் வீட்டுக்கும் வந்தது. முனை கிடைக்கும்வரை யாருக்கும் சோறு கிடையாது. அவள் கணவன் ஜெயசீலன் டார்ச்சோடு தரையில் தவழ்வான். பெரும்பாலும் அவன் கால்தான் கண்டுபிடிக்கும்.

“கெடச்சிடுச்சு.”

“முழுசா இருக்கா பாரு.”

“எது, காலா?”

நாத்தனார் ஜோதிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய பட்டுச் சேலையிலிருந்து ஜாக்கெட் துணியை வெட்டியெடுத்து, தானே தைப்பதாக நின்றாள் மோகனா.

“கடையில குடுத்துடலாம் அண்ணி. கெட்டுப்போனா வேற துணி கெடையாது.”

“வெள்ளக்காரன் போடற ஷூவ தைக்கிறேன். ஒன் ஜாக்கெட்டு தைக்க மாட்டேனா?”

தைத்தாள். நன்றாகவே வந்தது. முதுகில் சரிகை பார்டர் வைப்பது மட்டும் பாக்கி. பட்டு வழுக்கியது. வேறு யாராவது குண்டூசி குத்தியிருப்பார்கள். ஆனால் ஷூத் தோலில் ஊசி குத்தினால் ஓட்டை ஆறாது. கம்பெனியில் ஒட்டிவிட்டுத்தான் தைப்பார்கள். மோகனாவின் கை தானாகவே வீட்டில் செருப்பு ஒட்ட வைத்திருந்த சொல்யூஷன் பசை டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, பார்டரை அமுக்கியது. தையல், நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது.

நிச்சயத்தன்று காலை எடுத்துப் பார்த்தால், பார்டருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் பட்டதுபோல் கறை. தோலில் ஒட்டிய பசையை எடுப்பதுபோல் ரப்பரால் தேய்த்தாள். கறை அப்படியே இருந்தது. பட்டின் நிறம் கொஞ்சம் ரப்பரோடு வந்துவிட்டது.

ஜோதி பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“பூ ஜாஸ்தியா வெச்சிடறேன் ஜோதி, முதுகு தெரியாது,” என்றாள் மோகனா. ஜோதி கண்ணாடியைப் பார்த்தாளே தவிர அண்ணியைப் பார்க்கவில்லை.

மல்லிகைச் சடை கறையை மூடியது. சொல்யூஷன் வாசனையை மூடவில்லை. ஜெயசீலன் தன் சென்ட்டை எடுத்துவந்து அடித்தான்.

“இப்ப எப்டி?” என்றாள் மோகனா.

“பூக்கடையில பெட்ரோல் ஊத்துன மாதிரி.”

மண்டபத்தில் சடை விலகிவிடாமல் பார்த்துக்கொள்ள மோகனா ஜோதியின் பின்னாலேயே நின்றாள். மாப்பிள்ளை ஹேமந்தைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவனுக்குப் பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை. உட்கார்ந்ததுமே அவன் மூக்கு சுருங்கியது. மோகனா சடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டுச் சேலைத் துணி என்ன ஆயிற்று என்று கேட்கப்போகிறான்.

ஹேமந்த் யாருக்கும் தெரியாமல் தன் வலது கையை முகர்ந்தான். பிறகு இடது கையை. சட்டைக் காலரை இழுத்து அதையும் முகர்ந்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

“தப்பா நெனச்சிக்காதீங்க,” என்று ஜோதியின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான். “மூணு தடவ சோப்பு போட்டுக் குளிச்சேன். இந்தச் சொல்யூஷன் வாசன போவே மாட்டேங்குது.”

ஜோதியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மோகனா சடையை விட்டுவிட்டுக் குனிந்தாள். ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்லைங்க,” என்றாள் அவனிடம். “எங்க வீட்லயும் அந்த வாசனதான்.”

பிறகு திரும்பி மோகனாவைப் பார்த்தாள்.

“சட வெலகுது பாருங்க அண்ணி.”